மல்லிகை விலையும் நம் தெருவும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில், மகா மாரியம்மன் ஆலயத்துக்குப் போகும் வழியில் நம்மிடம் பூ வாங்கும் எல்லோருக்கும் இந்த மடல். முதலில் விலையைச் சொல்லிவிடுகிறோம். அடுத்த மாத முதல் தேதியிலிருந்து மல்லிகைச் சரம் முழத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடுகிறது. கல்யாண மாலை ஜோடிக்கு முப்பது வெள்ளி கூடும். சாமிக்குச் சாத்தும் சிறிய செவ்வந்தி மாலை பழைய விலைதான்.

செவ்வந்தி கேமரன் மலையிலிருந்து லாரியில் வருகிறது, ஏற்ற இறக்கத்தைச் சமாளித்துக்கொள்ளலாம். மல்லிகை அப்படியில்லை. தமிழ்நாட்டில் விடியும் முன் பறித்த மொட்டு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து விமானம் ஏறுகிறது. ஐஸ் உருகி மொட்டில் தண்ணீர் நின்றால் பழுப்பு விழும். பெட்டி எங்காவது சில மணி நேரம் தேங்கினால் உள்ளேயே விரிந்துவிடும். விரிந்த மல்லியை நெருக்கமாகக் கட்ட வராது, வீட்டுக்குப் போவதற்குள் உதிரும். அதைக் கழித்துப் போடுகிறோம், கழிவின் விலை மிச்சப் பூவின் தலையில் ஏறுகிறது. மார்கழி, தைப் பனியில் அங்கே விளைச்சல் சுருங்கும்போது பெட்டிக்கே தட்டுப்பாடு.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. பூக் கட்டிய இருவர் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைத் தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்க 2023இல் வழி திறந்தது. அந்தப் பட்டியலில் பூக்கடை இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானது, அதில் எங்களுக்கு முறையீடு ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கட்டும் விரலுக்கு அது அதிகமும் இல்லை.

விலையைக் கேட்டு நீங்கள் முகம் சுளித்தால் புரிந்துகொள்வோம். எங்களைக் குத்தியது வேறு. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “இருட்டினா அந்தப் பக்கம் போகாதீங்க, பூக்கடை வாசல்லயே ஆளுங்க படுத்திருக்காங்க, கடைக்காரங்களே சோறு போட்டு வளர்க்கிறாங்க.” பதிவைப் பேசியவர் யாரென்று தேடப் போவதில்லை. ஆனால் அதில் இருப்பதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

வாசலில் ஆட்கள் படுக்கிறார்கள், உண்மை. கடை மூடிய பிறகு படுக்கிறார்கள், ஷட்டர் தூக்கும் முன் எழுந்து போய்விடுகிறார்கள். இவர்களில் பலர் வேலையில் இருப்பவர்கள்: உணவகத்தில் தட்டு கழுவுகிறவர், நாள்கூலிக்குப் போகிறவர். கூலி சாப்பாட்டுக்குப் போதும், அறை வாடகைக்குப் போதாது. வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கிறார்கள், போதையில் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவதுதான் தவறு. ஜாலான் பகாங்கில் மாநகர் மன்றத்தின் தங்குமிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு வழி சொல்கிறோம். ஆனால் விடியுமுன் பக்கத்துச் சந்தையில் மூட்டை தூக்க வேண்டியவர் அவ்வளவு தூரம் போய்ப் படுப்பதில்லை. நகர மையத்தில் இலவச உணவு கொடுப்பதையே நிறுத்தப் போவதாக 2014இல் அறிவிப்பு வந்து, எதிர்ப்பும் கிளம்பியது நினைவிருக்கலாம். சோற்றை நிறுத்தினால் ஆள் போய்விடுவார் என்ற கணக்கு அப்போதும் இருந்தது.

சோறு யார் போடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்தநாள், திதி என்று ஆலயத்துக்கு வந்து பொட்டலம் கொடுப்பவர்கள் நம் வாடிக்கையாளர்களேதான். நல்ல காரியம், தொடருங்கள். மாலை 7 மணிக்குள் கொடுங்கள், குழம்பைச் சோற்றில் ஊற்றியே கட்டிவிடுங்கள், தலைக்கு ஒன்றுக்கு மேல் திணிக்காதீர்கள். மிஞ்சிய பொட்டலம் தூணோரம் கிடந்தால் இரவில் எலி கிழிக்கும், கால்வாய் அடைக்கும், காலையில் நாற்றம். அந்த நாற்றத்தைத்தான் மறுநாள் குரல்பதிவில் கேட்கிறோம்.

தெரு ஏன் இருட்டாயிற்று என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. போருக்கு முந்திய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு நீங்கியது. மாடியில் குடியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறநகருக்குப் போயின. மாடியில் ஆள் இருந்தவரை இரவில் ஜன்னல் வெளிச்சம் இருந்தது, சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கத் தலை இருந்தது. 2011இல் தெற்கே போகும் பஸ்கள் பக்கத்திலிருந்த புடுராயா பஸ் நிலையத்திலிருந்து, நகர மையத்துக்கு வெளியே பண்டார் தாசிக் செலாத்தானுக்கு மாறின. பஸ் இறங்கி, சாமி கும்பிட்டு, பூ வாங்கிக்கொண்டு போன கூட்டம் அதோடு மெலிந்தது. 2019இல் பக்கத்திலுள்ள குவாய் சாய் ஹோங் சந்தில் சுவரோவியங்கள் வந்தன, பழைய ரெக்ஸ் திரையரங்கமும் புது வேடத்தில் திறந்தது. படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் போகும் காப்பிக் கடையில் ஒரு கோப்பையின் விலைக்கு நாங்கள் இரண்டு முழம் மல்லி கொடுக்கிறோம், வாடகை கேட்பவருக்கோ இரண்டு கடையும் ஒன்றுதான்.

ஆட்கள் படுப்பதால் தெரு காலியாகவில்லை. காலியானதால்தான் படுக்க இடம் கிடைத்தது. தைப்பூசத்தையொட்டி இரவில் வெள்ளி ரதம் புறப்படும்போது இதே தெருவில் கைக்குழந்தையோடு நிற்கிறீர்கள். சங்கிலித் திருடன் அன்றைக்கும் வருவான், ஆனால் யாரும் பயந்து வராமல் இருப்பதில்லை.

எங்கள் வரிசையில் சீனக் கடைகளும் நாங்களும் சேர்ந்து செய்வதைச் சொல்கிறோம், மற்ற தெருக்களில் கடை வைத்திருப்பவர்களுக்கும் உதவும். கடைக்கு ஒரு 18 வாட் எல்இடி குழல் விளக்கு, ஐந்தடிப் பாதையின் (கடைவாசல்களை ஒட்டிய கூரையிட்ட நடைபாதை) உத்தரத்தில், தூணுக்கும் கதவுக்கும் நடுவே. இரவு 7 முதல் காலை 7 வரை எரிந்தால் மாதம் ஆறரை யூனிட், நான்கு வெள்ளியைத் தாண்டாது. அசைவு கண்டு எரியும் விளக்கு வேண்டாம். எலி ஓடினாலும் எரியும், அணையும், நடப்பவருக்கு அதுவே திகில். இருட்டினால் தானே எரியும் சென்சார் போடுவதானால் அதன் முகம் வானத்தைப் பார்க்கட்டும். தன் விளக்கின் ஒளியோ எதிர்க்கடைப் பலகையின் ஒளியோ அதில் பட்டால் விடிந்துவிட்டதென்று அணைத்துவிடும். முழுத்தகடு ஷட்டருக்குப் பதில் கம்பிக் கதவு போட்டு உள்ளே ஒரு விளக்கை எரியவிட்டால் பாதைக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

இதைவிட முக்கியம் பாதையை மறிக்காமல் வைப்பது. பூ வாளியும் சாமான் பெட்டியும் ஐந்தடிப் பாதையை அடைத்தால் நடப்பவர் சாலையில் இறங்குவார், மோட்டார்சைக்கிளில் வருபவன் பையைப் பறிப்பது அங்கேதான். எங்கள் வாளிகளை உள்ளே எடுத்துவிட்டோம். கடை குறுகிப் போய், நீங்கள் நின்று பூப் பார்க்க இடம் குறைந்தது அதனால்தான். பூக்கழிவையும் வாழைச்சருகையும் மூடியுள்ள தொட்டியில் உள்ளே வைத்து, குப்பை லாரி வரும் நேரத்துக்குத்தான் வெளியே வைக்கிறோம். விளக்கு, கழுவும் ஆள், கால்வாய் மூடி என்று வரிசைக்குப் போடும் மாதப் பங்கும் அந்த ஒரு வெள்ளிக்குள் அடக்கம்.

நீங்கள் செய்யக்கூடியது, முடிந்தபோது நேரில் வருவது. பசார் செனி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையின் உள்பக்கமாக நடங்கள். டெலிவரிக்குப் போகும் சரம் பைக் பெட்டியின் சூட்டில் பாதி விரிந்துவிடுகிறது, பிறகு பூ பழசு என்று புகார் வருகிறது. நேரில் வாங்கினால் ஈரத்துணியில் சுற்றித் தருவோம். வீட்டில் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், வாழைப்பழத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், சீக்கிரம் வாடும்.

பெருந்தொற்றுக் காலத்தில் கோயில் கதவு சாத்தியிருந்தபோதும் வீட்டுச் சாமிக்கென்று எங்களிடமே பூச் சொல்லி வைத்தீர்கள். எதிரே குவான் டி கோயிலுக்கு வரும் சீன அக்காமார்களும் மாலை வாங்குவதை நிறுத்தவில்லை. உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. குரல்பதிவு வந்த வாரத்தில் “நாங்க வர்றோம், பயப்படாதீங்க” என்று செய்தி அனுப்பியவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கல்யாண மாலைக்குப் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள், பாதிப் பணம் முன்கூட்டி, அது திரும்பாது. வெள்ளிக்கிழமைச் சரத்துக்கு வியாழன் மதியம் 2 மணிக்குள் அழைத்தால் போதும், பெயர் எழுதி எடுத்து வைப்போம். கடை காலை 6 மணிக்குத் திறக்கும், இரவு 8 மணி வரை இருப்போம். முன்பு பத்தரை. தைப்பூசம், நவராத்திரி நாட்களில் பழைய நேரமே.

அன்புடன்,
உங்கள் பூக்கடை