சுமதிக்கு, 117 பற்றி

சுமதி,

ஆறு மாதமாக நான் எழுதவில்லை. அதற்கான திட்டையெல்லாம் நம் ஹாஸ்டல் வார்டன் மாமி மாதிரி நோட்டில் குறித்து வை, அப்புறம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை அழுகைதான் கேட்டது. இரண்டாம் தடவைதான் 117 என்ற எண் காதில் விழுந்தது. இங்கிலாந்தில் உங்கள் பக்கிங்ஹாம்ஷரில், தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் ஸ்கூலில் சேர 11 பிளஸ் தேர்வில் 121 வேண்டும், உன் பெண்ணுக்கு நாலு குறைகிறது. உன் வீட்டுக்காரர் இதற்குள் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லியிருப்பார். பாவம், விட்டுவிடு. குழந்தை எதிரில் மட்டும் அழாதே.

அப்பீலைப் பிறகு பார்ப்போம். இப்போது அவசரம், எந்தெந்தப் பள்ளி வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கும் கவுன்சில் விண்ணப்பம். அக்டோபர் 31 கடைசி. "அதுதான் பாஸ் ஆகவில்லையே" என்று கிராமர் ஸ்கூல் பெயரை எழுதாமல் விட்டுவிடாதே. நீ கேட்காத பள்ளி உனக்கு இடம் மறுக்கவும் முடியாது, மறுக்காத இடத்துக்கு அப்பீலும் கிடையாது. அதை முதலில் எழுதினால் மற்ற பள்ளிகளில் வாய்ப்புக் குறையும் என்று உன் வாட்ஸப் குழு சொல்லும். பொய். வரிசையை வைத்து எந்தப் பள்ளியும் முன்னுரிமை தரக் கூடாது என்பதுதான் விதி. கிடைக்கக்கூடிய பக்கத்துப் பள்ளி ஒன்றையும் கட்டாயம் சேர்.

அடுத்து, மார்க் குறைந்த பிள்ளையின் தகுதியை மறுபடி பார்க்கும் ரிவ்யூவா, அல்லது பள்ளி இடம் மறுத்த பிறகு நேராக அப்பீலா? இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ரிவ்யூ மார்ச்சுக்கு முன்பே முடிந்துவிடும். ஜெயித்தால் குழந்தை தேறியவள் கணக்கில் சேர்ந்து, மார்ச் 1 பள்ளி இட ஒதுக்கீட்டில் மற்றவர்களோடு நிற்பாள். தோற்றால் அப்பீலை விசாரிக்கும் குழுவான பேனல் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த ரிவ்யூ நியாயமாக, எல்லோருக்கும் ஒரே மாதிரி, பாரபட்சமில்லாமல் நடந்ததா என்று. ஆமாம் என்றால் கதவு சாத்தியாயிற்று, உன் புது ஆதாரத்தை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ரிவ்யூவைத் தாண்டி நேராக அப்பீலுக்குப் போனால் எல்லா ஆதாரமும் எடுபடும். ஆனால் பள்ளி நிரம்பியிருந்தால் இரண்டு மலை ஏற வேண்டும்: குழந்தைக்குத் தகுதி இருக்கிறது என்பது ஒன்று, இன்னொரு பிள்ளையைச் சேர்ப்பதால் பள்ளிக்கு வரும் சிரமத்தைவிட உன் காரணம் கனமானது என்பது இன்னொன்று.

என்னைக் கேட்டால், அவள் இப்போது படிக்கும் பள்ளியின் ஹெட்டீச்சர் முழு மனதோடு எழுதித் தருவார், ஆதாரம் இப்போதே கையில் இருக்கிறது என்றால் ரிவ்யூ. அவர் மென்று விழுங்கினால், அல்லது ஆறாம் வகுப்பு முடிவில் வரும் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வுக்குப் பிப்ரவரிக்குள் பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வில் அவள் நன்றாக வாங்குவாள் என்று தோன்றினால், பொறுத்திருந்து அப்பீல்.

எந்தப் பக்கம் போனாலும் ஹெட்டீச்சர் கடிதம்தான் உயிர். "உழைப்பாளி, பணிவான பிள்ளை, எல்லோரோடும் பழகுவாள்" என்று எழுதி வாங்கி வருகிறார்கள். அது கல்யாணத் தரகருக்கு ஆகும், பேனலுக்கு ஆகாது. வேண்டியது இப்படி: கணக்கில் வகுப்பு முப்பது பேரில் முதல் மூவருக்குள் இருக்கிறாள், வாசிப்பு வயது இவ்வளவு, ஐந்தாம் வகுப்பு முடிவில் இந்தத் தேர்வில் இந்த மதிப்பெண், கிராமர் ஸ்கூல் பாடத்தின் வேகத்தை இந்தக் காரணத்தால் தாங்குவாள். பள்ளியில் கேட் (CAT) என்ற அறிவுத்திறன் தேர்வு எழுதியிருந்தால் அந்தத் தாளும். டியூஷன் மிஸ் கடிதத்தை வீட்டிலேயே வை. காசு வாங்குபவரின் சாட்சிக்கு எடை குறைவு. விளையாட்டுப் பரிசு, பரதநாட்டியச் சான்றிதழ், கராத்தே பெல்ட் எதுவும் வேண்டாம், சுமதி. உனக்குக் கை அரிக்கும் என்று தெரியும்.

தேர்வன்று அவளுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்ன சமாசாரத்துக்கு வருகிறேன். "அப்படியானால் ஏன் தேர்வுக்கு அனுப்பினீர்கள்? வேறு தேதி கேட்டிருக்கலாமே?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். தேர்வுக்கு நடுவில்தான் உடம்பு சுட்டது என்றால், அன்றே பள்ளியிடம் சொன்னதற்கு ஒரு மின்னஞ்சல், அந்த வாரமே டாக்டரைப் பார்த்த பதிவு, அடுத்த நாட்களில் பள்ளிக்குப் போகாததற்கு வருகைப் பதிவேடு, இவை வேண்டும். இப்போது போய் டாக்டரிடம் "அப்போது காய்ச்சல் இருந்தது" என்று எழுதி வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, காய்ச்சல் நிரூபணமானால் மார்க் ஏன் குறைந்தது என்றுதான் புரியும், அவள் கெட்டிக்காரி என்பது அதனால் வந்துவிடாது. இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும். ஆகஸ்டில் பிறந்தவள், வகுப்பிலேயே சின்னவள் என்ற வாதத்தையும் எடுக்காதே. வயதைக் கணக்கிட்டுத்தான் அந்த 117 வந்திருக்கிறது.

மார்ச்சில் வேறு பள்ளி தந்தால் கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. ஏற்றுக்கொள், அதனால் அப்பீலுக்குக் கெடுதல் இல்லை. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து அப்பீல் போடக் குறைந்தது 20 பள்ளி நாட்களாவது தர வேண்டும். கெடு முடிந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரணை. குறைந்தது மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அந்தப் பள்ளிக்காரர்கள் இல்லை, சம்பளமும் இல்லை. பள்ளி முதலில் பேசும், நீ கேள்வி கேட்கலாம், பிறகு நீ பேசுவாய், கடைசி வார்த்தையும் உனக்குத்தான். அந்தக் கடைசி வார்த்தையில் அழுகை வரக் கூடாது, அரைப் பக்கம் எழுதி வைத்துப் படி. வக்கீல் வேண்டாம். குழந்தையைக் கூட்டிப் போகாதே. "அந்த இன்னொரு பள்ளி மோசம்" என்றும், "எதிர்வீட்டுப் பையனுக்குக் கிடைத்ததே" என்றும் வாய் தவறிக்கூடச் சொல்லாதே. தோற்றவர்கள் சொன்னதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

முடிவு எதுவானாலும் அது உன்னையும் பள்ளியையும் கட்டுப்படுத்தும். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் ஒரு வருஷம் கழித்து எழுதும் 12 பிளஸ் தேர்வு இருக்கிறது. அதை இப்போது அவளிடம் சொல்லாதே.

நாங்கள் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. விஜி உன்னைக் கேட்டாள், 14-ஆம் நம்பர் அறை உப்புமா இன்னும் அவள் கனவில் வருகிறதாம்.

ஹெட்டீச்சரை இந்த வாரமே பார். மாதக் கடைசியில் அரைப் பருவ விடுமுறை வந்து பள்ளியைப் பூட்டிவிடுவார்கள். என்ன சொன்னார் என்று அன்று ராத்திரியே எழுது. அவர் எழுதித் தரும் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு.

உன்
மாலா