ஓமெப்ரசோலை வருடக்கணக்கில் விழுங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெஞ்செரிச்சலுக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மருந்து பொதுவாக 4 முதல் 8 வாரத்திற்குத்தான். இங்கே தோட்டப்புறத்தில் பலர் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். இதனால் உடலில் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையலாம். இனிப்பு நீருக்கு (நீரிழிவு) மெட்ஃபோர்மினும் சாப்பிடுபவர்கள் கட்டாயம் பி12 பரிசோதனை கேளுங்கள். அந்த மருந்தும் பி12ஐக் குறைக்கும்.

சட்டென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகம் சுரக்கும். நோய் திரும்பிவிட்டதென்று பயந்து மறுபடி தொடங்குவது இதனால்தான். டாக்டரிடம் பேசி, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 2 முதல் 4 வாரத்தில் குறைக்கலாம். இடையில் எரிந்தால், அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும் அல்ஜினேட் மருந்து உதவும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 15 முதல் 20 செ.மீ. மரக்கட்டை வையுங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல்தான் கூடும்.

இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள் ஓமெப்ரசோலைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

மருந்தாளர்,
சுங்கை சிப்புட்