பர்ஸ்ட் இயர் குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் அன்பு மாணவர்களுக்கு,

சேர்க்கை முடிந்த கையோடு உங்களில் யாராவது ஒருவர் புதிதாக வருபவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கிவிடுவீர்கள். ஃபீஸ் எங்கே கட்டுவது, ஹாஸ்டலுக்கு என்னென்ன கொண்டுவருவது, எந்தப் பஸ் கல்லூரி வாசலில் நிற்கும் என்றெல்லாம் கேட்கும் பிள்ளைகளுக்கு ஆபீஸைவிட அந்த குரூப்தான் முதலில் பதில் சொல்கிறது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அது பெரிய துணை. அந்தத் துணை கெட்டுப்போகக் கூடாது என்பதால்தான் அட்மின்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பும் லிங்க்கைத் தொட்டு உள்ளே வருபவரின் போன் நம்பர், குரூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. டிபியை மறைத்து வைக்காத பெண்ணாக இருந்தால் முகமும் தெரியும். அப்புறம் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. யாரோ ஒருவர் அந்த டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். முகத்தை மட்டும் வெட்டி, கீழே ஒரு வரி எழுதி ஸ்டிக்கர் ஆக்குகிறார். சாயங்காலத்துக்குள் அது கிளாஸ் குரூப், பஸ் குரூப், ஹாஸ்டல் குரூப் என்று சுற்றிவிடுகிறது. ஒருமுறை சேமித்துவிட்டால் எந்தப் பேச்சுக்கு நடுவிலும் அதை எடுத்துப் போடலாம். செய்தவரே மனம் மாறி அழித்தாலும் மற்றவர்கள் சேமித்தது அப்படியேதான் இருக்கும். அந்தப் பெண்ணோ, வகுப்பில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தானோ என்று நினைத்துக்கொண்டே மூன்று வருஷம் படிக்க வேண்டும்.

பையன்களுக்கு நடப்பது வேறு மாதிரி. இரவு பதினொரு மணிக்கு மேல் 'இன்ட்ரோ கொடு' என்று மெசேஜ் வருகிறது. பெயர், ஊர் சொன்னால் போதாது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லப்போகிறவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் தெருவைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கல்லூரி வாழ்க்கையின் முதல் வாரத்தில் ஒரு பிள்ளை சந்திக்கும் முதல் கேள்வியாக இது இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

'சும்மா ஜாலிக்கு' என்று சொல்லாதீர்கள். சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு விளைவிப்பதோடு, ஒரு மாணவருக்கு அச்சத்தையும் வெட்கத்தையும் சங்கடத்தையும் உண்டாக்குவதையும் ராகிங் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை. கையில் ஸ்மார்ட்போன் இல்லாத காலத்தில் எழுதிய வரிகள்தான், ஆனால் அந்த ஸ்டிக்கருக்கும் அந்த இரவு மெசேஜுக்கும் அப்படியே பொருந்துகின்றன. ஜூனியர்களைத் தொல்லை செய்ய சீனியர்கள் நடத்தும் வாட்ஸப் குரூப்களும் ராகிங்கில்தான் சேரும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025இல் சொல்லிவிட்டது.

அட்மின் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. குரூப்பில் வேறொருவர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும் என்பதைத் தவிர அட்மினுக்கு வேறு அதிகாரம் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதே ஆண்டில் வாட்ஸப் இன்னொரு அதிகாரத்தையும் அட்மின் கையில் கொடுத்தது. யார் போட்ட மெசேஜாக இருந்தாலும் எல்லோருடைய திரையிலிருந்தும் நீங்கள் நீக்கலாம். அப்படி இருந்தும், நானூறு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு பெண்ணின் முகம் ராத்திரி முழுக்கக் கிடந்தால், சட்டம் உங்களைக் கேட்காது, சரி. அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அதனால் சில காரியங்களை இப்போதே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறும் அறிவிப்புக்குத்தான் என்றால் குரூப்பே வேண்டாம், வாட்ஸப் சேனல் போதும். அதில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. குரூப்தான் வேண்டும் என்றால் ஒரு மாணவியும் அட்மினாக இருக்கட்டும், துறை ஆசிரியர் ஒருவரும் உள்ளே இருக்கட்டும். தவறான ஒன்று வந்தால், அனுப்பியவர் நம்பரும் நேரமும் தெரியும்படி முதலில் பதிவு செய்துகொண்டு, உடனே நீக்குங்கள். அனுப்பியவரையும் வெளியேற்றுங்கள், உங்கள் ரூம்மேட்டாக இருந்தாலும் சரி.

அந்தரங்கப் படம் என்றால் வேறு முறை. ஆதாரம் என்று சொல்லிக்கூட அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். பாலியல் காட்சிகளை அனுப்பினாலே, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 'நான் எடுக்கவில்லை, ஃபார்வர்ட்தான் செய்தேன்' என்பது அங்கே எடுபடாது. பாதிக்கப்பட்டவருடன் உட்கார்ந்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் பதிய உதவுங்கள். இந்த வகைப் புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ராகிங் என்றால் 1800 180 5522 என்ற எண் இருக்கிறது. அந்தப் புகார் தளத்தின் முகவரியையும் இந்த எண்ணையும் குரூப்பின் விவரப் பகுதியில் எழுதி வையுங்கள், கேட்கக் கூச்சப்படும் பிள்ளையின் கண்ணில் படும்.

ஒன்று மட்டும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு அட்மின் இப்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு உங்களிடம் வந்தால், முதல் வேலையாக அவர் போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் பாடம் நடத்தும் ஆசிரியர்