டர்போவோடு சூப்பர்சார்ஜரும் சேரும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்போ காரில் சூப்பர்சார்ஜரையும் மாட்டிவிடலாம் என்று ஆசைப்படும் பெங்களூரு இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டுமே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவிகள்.

சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ சட்டென எழாது. அதைச் சுழற்றும் புகை அப்போது போதாது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பெல்ட்டில் ஓடுவதால் உடனே காற்றைத் தள்ளும். ஆனால் வேகம் ஏற ஏற எஞ்சின் சக்தியையே தின்னும். ஃபோக்ஸ்வாகன் 2005-ல் 1.4 லிட்டர் எஞ்சினில் இரண்டையும் சேர்த்து 170 குதிரைத்திறன் எடுத்தது. அதில் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் சூப்பர்சார்ஜரை இயக்கும் காந்த கிளட்ச் விலகும், காற்று அதைச் சுற்றிப் போக வழிவிடும் பைபாஸ் மடல் திறக்கும், டர்போ தனியே வேலை செய்யும். மடல் மூடியபடி சிக்கினால், நின்றுபோன சூப்பர்சார்ஜரே காற்றுக்குத் தடை, வண்டி இழுக்காது.

முக்கியமாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக மாட்டினால் இரண்டின் அழுத்த விகிதங்களை (காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதை) பெருக்க வேண்டும், வெறுமனே கூட்டினால் போதாது. 1.5-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2.5-ஐத் தாண்டும். காற்றும் கொதிக்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர், உயர் ஆக்டேன் பெட்ரோல், எஞ்சினின் கணினியான இசியூவுக்கு டியூனிங் இல்லையென்றால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரிவது) வந்து, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வரம்பு உடையும். மாட்டும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தாலும் திட்டத்தைக் கைவிடுங்கள்.

– ஒரு வாகனப் பொறியாளர், ஜே.சி. சாலை, பெங்களூரு