கொத்துக்கறியைக் கழுவாதீர்கள்: கோலா உருண்டைக் குழம்பு வைப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, கோலா போட்டா குழம்புல கரைஞ்சு போகுது" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, பதில் கேட்க நேரமில்லாமல் போய்விடுகிறீர்கள். கொத்துக்கறி கேட்டால் ஏன் இவ்வளவு நேரம் நிற்க வைக்கிறோம் என்று கோபிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பதில்தான்: தண்ணீர்.

கொத்திய கறியை வீட்டில் சல்லடையில் போட்டு அலசினால், ஒவ்வொரு துணுக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிழிந்தாலும் போகாது. கறியின் சொந்தப் பசையும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவி, வடியவிட்டு, துணியால் ஒற்றி எடுத்த பிறகு கொத்துகிறோம். காலையிலேயே கொத்திக் குவித்து வைப்பது எங்களுக்குச் சுலபம்தான். ஆனால் துண்டுக்கறியில் மேலே மட்டும் இருக்கும் கிருமி, கொத்தினால் உள்ளே முழுக்கக் கலந்துவிடும், சீக்கிரம் கெடும். எனவே நீங்கள் வந்த பிறகுதான் புளியங்கட்டையில் கத்தி இறங்கும். வாங்கிப் போனதும் ஃப்ரிட்ஜில் வைத்து, அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

கோலாவுக்குத் தொடைக்கறிதான் சரி. ஜவ்வை நாங்களே எடுத்துவிடுவோம். கொழுப்பைத் துளிகூட இல்லாமல் எடுக்கச் சொல்லாதீர்கள். அப்புறம் உருண்டை ரப்பர் பந்துதான்.

அரைக் கிலோ கறிக்குப் பொட்டுக்கடலை மாவு 50 கிராம் போதும். சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் தேங்காய் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். சின்ன வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் வதக்கி ஆறவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சையாக அரைத்த வெங்காயம் நீர் விடும். கறியை மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். ஒரேயடியாக ஓடவிட்டால் சூட்டில் கொழுப்பு உருகும். அதில் அரைத்த மசாலா, மாவு, உப்புப் போட்டு, கறி உள்ளங்கையில் ஒட்டும்வரை பிசையுங்கள். இந்தப் பிடிப்பு வந்துவிட்டால் முட்டை தேவையில்லை. கறியை வேகவைத்து அரைப்பவர்களுக்குத்தான் முட்டை வேண்டும், வெந்த கறிக்குத் தானாக ஒட்டும் குணம் கிடையாது.

குழம்பை அகலமான சட்டியில், சற்று நீர்க்க வையுங்கள். நன்றாகக் கொதிக்கும்போது முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் மீதிக்கு இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசையலாம். நின்றால் மற்றவற்றை ஓரமாக ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, தீயைக் குறையுங்கள். உருண்டை இறுகும்வரை கரண்டியே போடக்கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். எலுமிச்சை அளவு உருண்டை கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் சிவப்பு தெரியக்கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். குழம்புக்கென்று தனியாக அரைத்த தேங்காயைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள்.

எண்ணெயில் பொரித்துப் போடுவதும் உண்டு. அது ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அருமை. குழம்பில் நேரடியாகப் போடுவதற்குத்தான் எங்கள் ஓட்டு. வீட்டுப் பெரியவர்கள் பல்லுக்கு வேலை வைக்காமல் சாப்பிடலாம், குழம்பிலும் கறியின் சாறு இறங்கும்.

இனிமேல் கொத்துக்கறி கேட்கும்போது 'கோலாவுக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள், பொடியாகக் கொத்தித் தருகிறோம். பொரியலுக்கு என்றால் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவே ஃபோனில் சொல்லிவைத்தால், நீங்கள் வருவதற்குள் கறியைக் கழுவி வடியவிட்டிருப்போம். கொத்துகிற நேரம் மட்டும் நின்றால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கறிக்கடைக்காரர்