மலை தீவாகிற நாட்களுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவன் நான். 2024 டிசம்பர் முதல் வாரத்தை மலையில் யாரும் மறக்கவில்லை. புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுக்குறைந்த பிறகும் உள்ளே வந்து கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பழம் பறிக்கிற பருவம் வேறு. உதிர்ந்தது போக மிச்சத்தைக் களத்தில் காயவைக்க வெயில் இல்லை. வீட்டில் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. கீழே சேலத்தில் இருக்கும் மகள் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தவித்துப்போனாள். மலை அப்போது ஒரு தீவு.

சரி, நிஜமாகவே தீவில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். கரீபியனில் புவேர்ட்டோ ரிக்கோவை 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தது. மலைகளில் 40,000க்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. அங்கே பெரிய மின் நிலையங்கள் பல தெற்கே, மக்கள் நெருக்கமாக இருப்பது வடக்கே. நடுவில் மலையைத் தாண்டிவரும் கம்பிகள் அறுந்ததும் தீவு முழுக்க இருட்டு. எல்லா வீட்டுக்கும் மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் பிடித்தது.

அந்த மலையில் அட்ஹுந்தாஸ் என்றொரு ஊர். அதுவும் காப்பி ஊர்தான். மலையை வெட்டிச் சுரங்கம் தோண்ட வந்தவர்களை எதிர்த்து 1980இல் தொடங்கிய காசா புவெப்லோ என்ற அமைப்பு, காப்பித்தூள் விற்றுத் தன் செலவைப் பார்த்துக்கொள்கிறது. பாக்சைட் சுரங்கம் பார்த்த நம் மலைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கட்டடத்தில் 1999 முதலே சோலார் இருந்தது. மரியாவுக்குப் பிறகு, மூச்சுக்கருவி வைத்திருந்தவர்களும் போனுக்குச் சார்ஜ் வேண்டியவர்களும் அங்கேதான் போனார்கள். 2023இல் ஊர் நடுவே பத்துக்கும் மேற்பட்ட கடைகளைப் பேட்டரியோடு இணைத்துத் தனி மின் வலையே அமைத்துவிட்டார்கள். அதில் மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் உண்டு.

நான் கேட்பதும் இதுதான். மலையிலுள்ள அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், இவற்றில் பேட்டரியோடு சோலார் வேண்டும். பேட்டரியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மானியத்தில் வீடுகளுக்குப் பரவலாகப் போடுகிற சோலார், கம்பியில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், சரியான ஏற்பாடுதான். ஆனால் புயல் நாளில் கூரையில் சோலார் பலகை இருந்தும் கீழே இருட்டு. கம்பியிலிருந்து பிரிந்து தானே ஓடுகிற இன்வெர்ட்டர் தனி வகை. அப்படி ஓடுவதற்கு மின் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'ஐலேண்டிங்', அதாவது தீவாக நிற்பது. தீவு நம்மை விடுவதாக இல்லை!

அப்புறம், பலகையை மாட்டும்போது வெறும் கிளிப்பில் கவ்வவைக்காமல் போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். 2017 புயல்களில் கரீபியனில் கிளிப் கழன்று பறந்த பலகைகள் ஏராளம்.

சாலை விஷயத்தில் ஒன்றே ஒன்று. தடுப்புச் சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரைத் தள்ளிச் சாய்ப்பது அதன் பின்னால் தேங்கும் தண்ணீர். சுவரிலுள்ள வடிதுளைகளும் வளைவுகளில் சாலைக்கடியில் தண்ணீர் போகும் சிறுபாலங்களும் சில்வர் ஓக் சருகாலும் சுற்றுலா வருபவர்களின் பிளாஸ்டிக் கப்பாலும் அடைபட்டால், எவ்வளவு கனமான சுவரும் தாங்காது. புரட்டாசியிலேயே ஒருமுறை தூர்வாரிவிட்டால் பாதிக் கவலை போய்விடும். மலைக்கு வரும் இன்னொரு வழியான குப்பனூர்ப் பாதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்று அடைத்தால் இன்னொன்றாவது திறந்திருக்க வேண்டும்.

67 கிராமங்களுக்கும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்பது தெரியும். முதலில் மூன்று நான்கு இடங்களில் செய்து பாருங்கள். எங்கள் பக்கம் பள்ளிக்கூடக் கூரையில் வைப்பதாக இருந்தால், பேட்டரியைச் சுமந்து ஏற்ற ஆட்களை நாங்களே தருகிறோம். ஐப்பசிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், அதற்கப்புறம் எல்லோரும் பழம் பறிக்கப் போய்விடுவோம்.

இப்படிக்கு,
நாகலூர்ப் பக்கத்துக் காப்பி விவசாயி ஒருவன்