பறவை நோக்கர் குழு, தில்லி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடலிலிருந்து வெகு தொலைவில், ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் தங்கிச் செல்லும் கடற்காகங்களைப் பதிவு செய்வதே இவ்வாண்டு நம் குழுவின் முதன்மைப் பணியாக இருந்தது. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் பார்த்த நெய்தல் நிலத்துப் பறவை பாலைக்கு ஏன் வருகிறது என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்கும் பறவை. வழியில் நீர் தென்படும் இடமெல்லாம் அதற்குத் தங்குமிடமே.

தை மாதத்தில் புலேரா வரை ரயிலில் சென்று, 1990 முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக உள்ள சாம்பர் உப்பு ஏரியில் இரண்டு நாள் தங்கினோம். அத்தனை உப்பு நீரை அவை எப்படிக் குடிக்கின்றன என்பதற்கு விடை கண்முன்னே கிடைத்தது. உப்புப் பாத்தியின் வரப்பில் நின்ற ஒரு பறவையின் அலகு நுனியில் தெளிந்த நீர்த்துளி திரண்டு நின்றது. தலையை ஒரு முறை உதறியதும் அது சிதறியது. கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து மூக்குத்துளை வழியே வெளியேற்றும் உப்பு அது.

மெல்லிய அலகுக் கடற்காகம் என்று ஓர் உறுப்பினர் அளித்த படத்தை அரிய பறவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. குஜராத் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் அப்பறவை உள்நாட்டில் அரிது. அதன் வெளிர்நிறக் கண் முதிர்ந்த பழுப்புத்தலைக்கும் உண்டு. ஆனால் பழுப்புத்தலையின் இறக்கை நுனி கருமையாக, நடுவே வெள்ளைப் புள்ளிகளுடன் இருக்கும். படத்திலோ இறக்கை மடங்கியிருந்ததால் எந்தப் பறவை என்று உறுதி செய்ய முடியவில்லை. அவர் வருந்தினார் என்பதை அறிவேன். எனினும் தவறான ஒரு பதிவு பின்னால் வரும் பல உண்மைப் பதிவுகளையும் ஐயத்துக்குள்ளாக்கும் என்பதால், அம்முடிவில் உறுதியாக நின்றோம்.

2019 நவம்பரில் இதே ஏரியில் பாட்டுலிசம் என்னும் பாக்டீரியா நச்சால் ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்ததை மனத்தில் வைத்து, இறந்த பறவைகளைக் கையால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவிப்பது என்றும் தீர்மானித்தோம்.

யமுனைப் படித்துறைகளில் ஞாயிறுதோறும் வழக்கம்போல் கூடினோம். படகிலிருந்து கடற்காகங்களுக்கு ஓமப்பொடி வீசுவதை நம் குடும்பத்தினராவது நிறுத்த வேண்டுமென மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்; எண்ணெயும் உப்பும் சேர்ந்த அத்தீனி அவற்றுக்கு உகந்ததன்று.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். முக்காலியுடன் கூடிய தொலைநோக்கி ஒன்று வாங்க அவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.